ஒட்டுக்கேட்பை நியாயப்படுத்தும் பத்திரிகையை வாசகர் எப்படி நம்புவது?

நள்ளிரவு வாசகன்

2014 ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட்டுக்கும் கார்டியனின் அமெரிக்கப் பதிப்புக்கும் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். என்எஸ்ஏ எனப்படும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை மக்களை எப்படியெல்லாம் வேவு பார்க்கிறது என்று, அங்கே ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்டு ஸ்னோடன் கொண்டுவந்த ஆவணங்களை வைத்து எழுதியதற்கான பரிசு அது. 2016 செப்டம்பர் 17 அன்று அதே வாஷிங்டன் போஸ்ட் ஒரு தலையங்கம் எழுதியது. ஸ்னோடனுக்கு மன்னிப்பு வழங்கக் கூடாது என்பது அதன் சாரம். தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளிய திட்டம் வெளியே வந்தது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, இணைய நிறுவனங்களிடமிருந்து தரவுகளை எடுக்கும் பிரிசம் திட்டம் தெளிவாகவே சட்டத்துக்கு உட்பட்டது, அதை வெளியிட்டது தவறு என்று வாதாடியது. 2013 ஜூன் 6 அன்று பிரிசத்தை உலகத்துக்குச் சொன்ன இரண்டு பத்திரிகைகளில் ஒன்று அதே வாஷிங்டன் போஸ்ட்.

தலையங்கம் எழுதுகிறவர்கள் வேறு, செய்தி எழுதுகிறவர்கள் வேறு என்பது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனாலும் அதைப் படித்த அன்று மனம் கசந்தது இன்னும் ஆறவில்லை. ஒருவர் கொடுத்த காகிதத்தால் பரிசு வாங்கிய பத்திரிகை, அவரையே நீதிமன்றத்துக்கு வரச் சொல்கிறது. நாளைக்கு யார் அங்கே ஒரு காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்?

அரசு வேவு பார்க்கும் என்று ஏதோ ஒரு மூலையில் நம் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. பத்திரிகை நம்மோடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தோம். கோபம் பத்திரிகை மேல் கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதை 2004இலிருந்து பார்க்க வேண்டும். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரைசனும் எரிக் லிச்ட்பிளாவும் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் வெளிநாட்டோடு பேசுவதை நீதிமன்ற ஆணையே இல்லாமல் என்எஸ்ஏ ஒட்டுக்கேட்கிறது. அதற்கென்றே 1978இல் சட்டம் போட்டு, ஆணை தருவதற்கு ஒரு ரகசிய நீதிமன்றத்தையும் அமைத்திருந்தார்கள். அந்தப் பக்கமே போகாமல் வேலை நடந்தது. வெளியிட வேண்டாம் என்று அரசு கேட்டது, பத்திரிகை நிறுத்திவைத்தது. கடைசியில் 2005 டிசம்பர் 16 அன்றுதான் செய்தி வந்தது, அதுவும் ரைசன் தன் புத்தகத்தில் எழுதிவிடப் போகிறார் என்ற நிலை வந்த பிறகு. சில நாள் முன்பு அதிபர் புஷ் பதிப்பாளரையும் ஆசிரியரையும் வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, போட வேண்டாம் என்று நேரிலேயே கேட்டுப் பார்த்திருந்தார்.

ஓராண்டு தள்ளிவைத்தோம் என்று செய்தியிலேயே ஒரு வரி இருந்தது. அதைப் படிக்கிறவர் 2004 டிசம்பர் என்றுதான் கணக்குப் போடுவார். அதிபர் தேர்தல் நடந்தது 2004 நவம்பர் 2. தேர்தலுக்கு முன்பே செய்தி எழுதி முடித்துத் தயாராக இருந்தது என்பதை ஆசிரியர் பில் கெல்லர் ஒப்புக்கொண்டது 2006 ஆகஸ்டில், அந்தப் பத்திரிகையிலேயே வாசகர் சார்பில் கேள்வி கேட்பதற்கென்று இருந்தவர் துருவித் துருவிக் கேட்ட பிறகு.

தெரிந்திருந்தால் தேர்தல் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. வாக்குப் போடப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை, சில பேர் ஓர் அறையில் பேசி, தெரியாமல் செய்தார்கள். 2013இல் ஸ்னோடன் நியூயார்க் டைம்ஸிடம் போகாததற்கு இந்தச் சம்பவமே காரணம்.

இன்னொன்று. கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் பல காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி உண்டு: செய்தி நிறுவனங்கள் மீது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? 1976இல் கணிசமான நம்பிக்கை உண்டு என்ற அமெரிக்கர்கள் 72 சதவீதம். 2025இல் 28 சதவீதம். இந்தச் சரிவுக்குக் கட்சி அரசியல், இணையம் என்று பல காரணம் இருக்கும். ஆனால் உச்சத்தில் இருந்த ஆண்டு எது என்று பாருங்கள். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரம் முடிந்து, உளவு அமைப்புகளின் குட்டுகள் எல்லாம் வரிசையாக உடைந்துகொண்டிருந்த நேரம் அது. அரசின் ரகசியத்தைப் போட்டு உடைத்ததால் பத்திரிகையின் பெயர் அன்று கெடவில்லை.

நேர்வழி

நண்பரே, ஒரு பக்கத்தை மட்டும் வைக்கிறீர்கள். 2001 செப்டம்பர் 11 அன்று ஏறத்தாழ 3,000 பேர் செத்தார்கள். விமானம் கடத்தியவர்களில் ஒருவரான காலித் அல்-மிஹ்தார் 2000ஆம் ஆண்டு சான் டியேகோவில் உட்கார்ந்துகொண்டு, ஏமனில் இருந்த அல்-கொய்தா வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்த அழைப்பு அமெரிக்காவுக்குள்ளிருந்து போகிறது என்று அன்று யாரும் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன எழுதினார்கள்? உளவுத்துறை தூங்கிவிட்டது, புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். சேர்த்துப் பார்ப்பதற்காகப் பதிவுகளைச் சேகரித்தால் அதையும் குற்றம் என்கிறோம்.

ஓர் ஆசிரியர் இருக்கிறார். அரசுத் தரப்பு வந்து, இதைப் போட்டால் ஆட்கள் சாவார்கள் என்கிறது. அவரிடம் அதைச் சரிபார்க்க வழியில்லை. அவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நிறுத்திவைப்பது கோழைத்தனம் என்று எல்லா நேரமும் சொல்லிவிட முடியாது.

கம்பிவடம்

நான் தொலைத்தொடர்பில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். பெயர், நிறுவனம் எதுவும் வேண்டாம். "பேச்சை யாரும் கேட்கவில்லை, வெறும் பதிவுதான்" என்று தலையங்கங்களில் எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அதனால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் சிடிஆர். ஒரு அழைப்புக்கு ஒரு வரி. யார் எண், எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, எந்தக் கோபுரம் வழியாக. கட்டணம் போடுவதற்காக உருவான பதிவு அது. ஆனால் ஒரு மாதத்து வரிகளை அடுக்கி வைத்தால் அந்த மனிதர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், இரவில் எந்த வீட்டில் இருக்கிறார், யாரோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்பதெல்லாம் கண்முன்னே வந்து நிற்கும். ஒருவர் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பேசுகிறார், அடுத்த நிமிடம் தம்பிக்கு, அப்புறம் காப்பீட்டு நிறுவனத்துக்கு, அப்புறம் ஒரு வழக்கறிஞருக்கு. பேச்சில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மொழி தெரிய வேண்டும். பதிவை அலசுவதற்கு இவை எதுவும் வேண்டாம், கணினியே செய்துவிடும். என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு விவாத மேடையில், மெட்டாடேட்டாவை, அதாவது இப்படிப்பட்ட பதிவுகளை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

தொலைபேசிப் பதிவுகளை அள்ளிய அந்தத் திட்டத்தில் சந்தேகத்துக்குரிய ஓர் எண்ணிலிருந்து மூன்று தாவல் வரைக்கும், அதாவது அதோடு பேசியவர்கள், அவர்களோடு பேசியவர்கள், அவர்களோடும் பேசியவர்கள் வரைக்கும் பார்க்க அனுமதி இருந்தது. ஒரு எண் நாற்பது பேரோடு பேசுகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். நாற்பது, அப்புறம் 1,600, அப்புறம் 64,000. பிட்சா கடையோ வாடிக்கையாளர் சேவை எண்ணோ நடுவில் வந்துவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். 2014 ஜனவரியில் ஒபாமா அதை இரண்டு தாவலாகக் குறைத்தார்.

பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். மார்க் கிளைன் என்று ஒருவர், ஏடி அண்ட் டியில் டெக்னீஷியனாக இருந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் ஃபோல்சம் தெருக் கட்டடத்தில் 641ஏ என்று ஓர் அறை. இணையப் போக்குவரத்து வரும் ஒளியிழையில் ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு பிரதியை அந்த அறைக்குள் திருப்பியிருந்தார்கள். ஸ்ப்ளிட்டர் என்பது கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு சாதனம், வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கும். ஆளைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாது, வருவது எல்லாமே இரண்டாகும். குறிவைத்து எடுக்கிறோம் என்ற பேச்சை நான் நம்பாததற்கு அது ஒன்றே போதும்.

கிளைன் ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஆவணங்களை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸிடம் கொண்டுபோனார். அவர்கள் வெளியிடவில்லை. ஆசிரியராக இருந்த டீன் பக்கே அரசின் உளவுத் தலைமையோடு பேசியிருந்தார். அரசு சொன்னதற்காக நிறுத்தவில்லை, விஷயத்தை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்பது அவர் தந்த விளக்கம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2006 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது, மே மாதம் வயர்டு இதழ் ஆவணங்களையே போட்டது. இப்படி ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைவது என்றால் என்னவென்று எங்கள் தொழிலில் இருப்பவனுக்குப் புரியும். அது வேலை போகும் விஷயம் மட்டுமே இல்லை.

அப்புறம் நாடாளுமன்றம் 2008 ஜூலையில் சட்டம் போட்டு, உடந்தையாக இருந்த தொலைபேசி நிறுவனங்கள் மேல் போட்ட வழக்குகளை முன்தேதியிட்டு ஒழித்தது. கிளைன் 2025 மார்ச்சில் இறந்துபோனார்.

தும்பி

நான் 2013இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இதில் பாதி பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், அதனால் தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் என் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு குண்டுவெடிப்பைப் பற்றிச் செய்தி படித்துவிட்டு அந்த இயக்கத்தின் வரலாற்றைத் தேடலாம் என்று தட்டச்சு செய்தேன், பாதியில் அழித்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஏன் அழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. படிப்புக்குத் தேவையான விஷயம் அது.

கம்பிவடம்

தும்பி, நீங்கள் தனி ஆள் இல்லை. ஜான் பென்னி என்ற ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். 2013 ஜூன் செய்திகளுக்குப் பிறகு, விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் தொடர்பான கட்டுரைகளைப் பார்ப்பவர்கள் சட்டென்று குறைந்தார்கள். அவர்களையும் யாரும் தடுக்கவில்லை.

நள்ளிரவு வாசகன்

நேர்வழி, உங்கள் அல்-மிஹ்தார் வாதத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் அரசு சொன்ன வாதங்களிலேயே மனத்தைத் தொடுவது அதுதான். ஆனால் அந்தக் கதையின் மறுபாதி உண்டு. அல்-மிஹ்தாரிடம் அமெரிக்க விசா இருப்பது 2000 ஜனவரியிலேயே சிஐஏவுக்குத் தெரியும். ஏமன் வீட்டு எண்ணை என்எஸ்ஏ ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்தது. கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது 2001 ஆகஸ்டில். கையில் இருந்ததை எஃப்பிஐக்கு நேரத்தில் சொல்லாமல் விட்டதுதான் அன்று நடந்தது. கோடிக்கணக்கான மக்களின் பதிவு இல்லாமல் போனதால் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் 54 என்ற எண். 2013 ஜூனில் என்எஸ்ஏ தலைவர் கீத் அலெக்சாண்டர், இந்தத் திட்டங்களால் 54 சதிகளை முறியடிக்க உதவினோம் என்ற கணக்கை வைத்தார். அந்த எண் தொலைக்காட்சி, தலையங்கம் என்று எல்லா இடத்திலும் ஓடியது. அக்டோபர் 2 அன்று செனட் விசாரணையில் செனட்டர் பேட்ரிக் லேஹி கேட்டுக் கேட்டுக் கடைசியில் என்ன வந்தது? அமெரிக்காவோடு தொடர்புடையவை 13. தொலைபேசிப் பதிவுத் திட்டத்தால் ஏதாவது நடந்தது என்று சொல்லத் தக்கவை ஒன்றோ இரண்டோ. 2014 ஜனவரியில் அரசே அமைத்த தனியுரிமை மேற்பார்வை வாரியம் ரகசியக் கோப்புகளைப் பார்த்துவிட்டு, அந்தத் திட்டம் விளைவை மாற்றிய ஒரு பயங்கரவாத விசாரணையைக்கூடக் காண முடியவில்லை என்று எழுதியது. மிஞ்சியது சான் டியேகோவில் டாக்சி ஓட்டியவர் ஒருவர் சோமாலியாவின் அல்-ஷபாப் பயங்கரவாத இயக்கத்துக்கு ஏறத்தாழ 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை மாற்றவில்லை. ஆனால் அந்தப் பதிவுத் திட்டம் சட்டத்தை மீறியது என்றது. அதிகாரிகள் வெளியே பேசியது கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றும் எழுதியது.

54 என்ற எண் முதல் நாள் எந்த இடத்தில் வந்ததோ, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் வந்ததா என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

2013 மார்ச் 12 அன்று செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் கேட்டார். இல்லை ஐயா என்றார் கிளாப்பர். கேள்வியை முந்தின நாளே அனுப்பிவைத்திருந்தார்கள். மூன்று மாதத்தில் அது பொய் என்று ஆனது. பதில் தவறு என்று கடிதம் எழுதியதோடு சரி, வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 23 அன்று என்பிசியின் 'மீட் தி பிரஸ்' நிகழ்ச்சியில் நெறியாளர் டேவிட் கிரெகரி, ஸ்னோடன் ஆவணங்களை வைத்துச் செய்தி எழுதிய கிளென் கிரீன்வால்டைப் பார்த்து, ஸ்னோடனுக்கு உடந்தையாக இருந்த அளவுக்கு உங்கள் மேல் ஏன் குற்றம் சாட்டக் கூடாது என்று கேட்டார். ஒரு பத்திரிகையாளர் இன்னொரு பத்திரிகையாளரிடம் கேட்ட கேள்வி அது. மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைக்கிறார்களா?

பழைய துணையாசிரியர்

நான் செய்தி மேசையில் உட்கார்ந்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். இரண்டு தரப்பிலும் சில விஷயங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வாசகன் தம்பி சொன்ன அதே நிகழ்ச்சி. 1975 ஆகஸ்ட் 17 அன்று அதே 'மீட் தி பிரஸ்'ஸில் செனட்டர் ஃபிராங்க் சர்ச் உட்கார்ந்திருந்தார். என்எஸ்ஏவின் திறன் எந்த நேரமும் சொந்த மக்கள் மீதே திரும்பலாம், அப்படித் திரும்பினால் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது என்று எச்சரித்தார். அவர் தலைமையில் இருந்த குழு அப்போது தோண்டி எடுத்தவை சாதாரணமில்லை. நியூயார்க்கில் சிஐஏ இருபது ஆண்டில் 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைப் பிரித்துப் படித்திருந்தது. தந்தி நிறுவனங்கள் வெளிநாட்டுத் தந்திகளின் நகலை 1945இலிருந்து ஒப்படைத்து வந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் என்எஸ்ஏ வைத்திருந்த மினரெட் என்ற பட்டியலில் மார்ட்டின் லூதர் கிங், முகமது அலி பெயர்கள் இருந்தன. நியூயார்க் டைம்ஸின் டாம் விக்கர் பெயரும் இருந்தது. ஃபிராங்க் சர்ச்சின் பெயரே இருந்தது. இந்தப் பெயர்கள் 2013 செப்டம்பரில்தான் வெளியே வந்தன. கண்காணிப்பை ஆதரித்து எழுதும் என் தொழில்காரர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்.

பழங்கதை என்றும் தள்ள முடியாது. ஸ்னோடன் செய்தி வருவதற்கு மூன்று வாரம் முன்பு, 2013 மே 13 அன்று, ஏபி செய்தி நிறுவனத்தின் இருபதுக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாதப் பதிவுகளை நீதித்துறை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது வெளியே தெரிந்தது. அந்த அலுவலகங்களில் அப்போது நூறு பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கம்பிவடம் சொன்ன அதே சிடிஆர்.

இப்போது மறுபக்கம். தம்பி வாஷிங்டன் போஸ்ட்டை இவ்வளவு கடிந்துகொண்டார். 1971 மார்ச் 8 இரவு, அலியும் ஜோ பிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் எஃப்பிஐ கிளை அலுவலகத்துக்குள் சில போர் எதிர்ப்பாளர்கள் பூட்டை உடைத்துப் புகுந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நகல்களைச் செய்தித்தாள்களுக்கும் நாடாளுமன்றத்தினர் இருவருக்கும் தபாலில் அனுப்பினார்கள். நாடாளுமன்றத்தினர் இருவரும் எஃப்பிஐயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போட வேண்டாம் என்று தலைமை வழக்கறிஞர் ஜான் மிட்செல் கேட்டும், மார்ச் 24 அன்று பெட்டி மெட்ஸ்கர் எழுதிய செய்தியை முதலில் வெளியிட்ட பத்திரிகை வாஷிங்டன் போஸ்ட். போர் எதிர்ப்பாளர்களை அடிக்கடி விசாரித்தால் அவர்களுக்குப் பயம் ஏறும், ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் எஃப்பிஐ ஆள் இருப்பதாக நினைப்பார்கள் என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தார்கள். தும்பி பாதியில் அழித்தது எதனால் என்பதற்கு அந்தக் குறிப்பிலேயே பதில் இருக்கிறது.

அதனால் ஒரு பத்திரிகையை மொத்தமாக நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த என்னால் முடியாது. ஸ்னோடனுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று 2014 ஜனவரி 1 அன்று தலையங்கம் எழுதியது, 2004இல் செய்தியை நிறுத்திவைத்த அதே நியூயார்க் டைம்ஸ்.

நிறுத்திவைப்பதைப் பற்றி: கார்டியன் தன்னிடம் இருந்த கோப்புகளில் சுமார் ஒரு சதவீதத்தைத்தான் வெளியிட்டது என்று ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர் 2013 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று பிரிட்டன் உளவு அமைப்பான ஜிசிஎச்கியூவின் ஆட்கள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பத்திரிகையின் அடித்தளத்தில் கணினிகளைக் கிரைண்டர் வைத்து அறுத்து நாசமாக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களே 99 சதவீதத்தைப் போடவில்லை. களத்தில் இருக்கும் ஆளின் பெயர் வரும் காகிதத்தை நானும் போட மாட்டேன்.

நேர்வழி

54 விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணை நானே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு வேறொரு கவலை. பத்திரிகையை நம்பாதவர் வெறுமனே இருப்பதில்லை, வேறு எதையோ நம்பத் தொடங்குகிறார். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். ஒட்டுக்கேட்பைப் பற்றி மறைத்துவிட்டார்கள் என்றார், அது உண்மை. இப்போது தடுப்பூசியில் கண்காணிப்புச் சில்லு இருக்கிறது என்று நம்புகிறார், வீட்டில் குழந்தைக்குப் போட விட மாட்டேன் என்கிறார். ஆவணம் காட்டி எழுதியவரையும், கேமரா முன்னால் கத்துகிறவரையும் அவர் ஒரே தட்டில் வைக்கிறார். நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அவர் இன்னும் உறுதியாகிவிடுவாரோ என்று உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நள்ளிரவு வாசகன்

உங்கள் பயம் எனக்கும் உண்டு. உங்கள் உறவினரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் தொடங்கிய இடம் உண்மையாக இருந்தது. அங்கே அவருக்கு முதலில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை, வேறு யாரோ போய்ச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வேறு யாரோ சொல்வதெல்லாம் அவருக்கு உண்மையாகப் படுகிறது.

ஐயா சொன்ன மாதிரி சில காகிதங்களைப் போடக் கூடாது. சரி. நான் கேட்பது சின்ன விஷயம். நிறுத்தினால், நிறுத்தினோம் என்று எழுதுங்கள். யார் கேட்டார்கள், எந்தத் துறை, எப்போது கேட்டது, எவ்வளவு காலம் வைத்திருந்தோம், என்ன பகுதியை எடுத்தோம். செய்தி வரும் நாளில் அதன் பக்கத்திலேயே இதுவும் வரட்டும். 2005இல் 'ஓராண்டு' என்பதற்குப் பதில் 'தேர்தலுக்கு முன்பிருந்து' என்று அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காக வாசகர்கள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தலையங்கத்துக்கும் அதேதான். ஒரு உளவுச் சட்டத்தை ஆதரித்து எழுதுகிறீர்களா, எழுதுங்கள். அதற்கு முன்பு யார் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கொடுத்தார்கள் என்று கீழே போடுங்கள். 2023 மே மாதம் வெளியான ரகசிய நீதிமன்றத் தீர்ப்பில், வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டினரைத் தனித்தனி ஆணை இல்லாமல் வேவு பார்க்க அனுமதிக்கும் 702ஆம் பிரிவின்கீழ் சேர்த்த தரவுகளை எஃப்பிஐ 2 லட்சத்து 78 ஆயிரம் தடவைக்கு மேல் முறையில்லாமல் தேடியிருக்கிறது என்று இருந்தது. ஒரு நாடாளுமன்ற வேட்பாளருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேரும் அதில் அடக்கம். ஓராண்டுக்குள், 2024 ஏப்ரலில், அந்தப் பிரிவை நீட்டித்துவிட்டார்கள். நீட்டிக்க வேண்டும் என்று எழுதியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், உங்களிடம் யார் பேசினார்கள்?

தும்பி

துணையாசிரியர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நீங்கள் இருந்த இடத்தில் இப்படி எதையாவது நிறுத்திவைத்திருக்கிறீர்களா? வாசகர்களிடம் சொன்னீர்களா?

பழைய துணையாசிரியர்

காலையில் தும்பியின் கேள்வியைப் பார்த்தேன். பதில் எழுத இரவு ஆகிவிட்டது.

நிறுத்தியிருக்கிறோம். எந்தப் பத்திரிகை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நிருபர் ஒருவருக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. ஒட்டுக்கேட்கப்படும் எண்கள். அதில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் இருந்தார், அவருக்காக வழக்காடிய வக்கீலும் இருந்தார். மூன்று வாரம் அலைந்து உறுதிசெய்திருந்தார் நிருபர். முதல் பக்கத்துக்கு வைத்தோம். இரவு பதினொன்றுக்கு ஆசிரியர் அறையில் போன் அடித்தது. ஒரு விசாரணை போய்க்கொண்டிருக்கிறது, இரண்டே வாரம் பொறுங்கள் என்று மேலிடத்து அதிகாரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசிரியர் கெட்டவர் இல்லை. வெளியே வந்து, இன்றைக்கு வேண்டாம் என்றார். அந்த இடத்தில் மழைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் போட்டோம்.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. நிருபரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டியலைக் கொடுத்தவர் மூன்று தடவை மேசைக்குப் போன் செய்தார். மூன்றாவது தடவை எடுத்தது நான். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். சரி ஐயா என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒட்டுக்கேட்பு விதிகளைத் தளர்த்தும் சட்டம் ஒன்று வந்தது. பாதுகாப்பு அமைப்புகளின் பொறுப்புணர்ச்சியை நம்ப வேண்டும் என்று எங்கள் பத்திரிகை தலையங்கம் எழுதியது. அந்தப் பட்டியல் அன்றும் எங்கள் அலுவலக அலமாரியில்தான் இருந்தது. தலையங்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தி அனுப்பினேன்.

வாசகர்களிடம் எதையும் சொல்லவில்லை, தும்பி. தொழிற்சங்கத் தலைவரிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் இப்போது இல்லை. பட்டியலைக் கொடுத்தவரின் எண் என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த எண் இன்னும் வேலை செய்கிறதா என்று தெரியாது. நாளை காலையில் அழைத்துப் பார்க்கப் போகிறேன்.